முகத்துக்கு எந்த நம்பர் கல்?

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இது கதையாகப் பிறக்கவில்லை. ஒரு பத்திரிகையின் பொறுப்பாசிரியர் போன் செய்து, "மேடம், தோல் பராமரிப்பு பத்தி ஒரு கட்டுரை வேணும். சீரம், ஆசிட், ரெட்டினால் எல்லாம் வரணும், ஆனா படிக்கிறவங்க பயந்துடக் கூடாது. ரொம்ப மென்மையா இருக்கணும்" என்றார். தலை நரைக்கும்வரை சிறுகதை எழுதியவளிடம் கேட்கிற விஷயமா இது? எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடேயே ஒப்புக்கொண்டேன், ஏனென்றால் சிறுகதை கேட்டு யாரும் போன் செய்து ரொம்ப நாளாகிறது.

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்:

"நம் உடலின் மிகப் பெரிய உறுப்பு தோல்தான் என்பது நம்மில் பலருக்கு"

தோலைப் பற்றி எழுதுகிற எல்லோரும் இந்த வரியில்தான் காலை வைக்கிறார்கள். அடித்துவிட்டேன். அடுத்தது:

"முகத்தை மென்மையாகக் கழுவுங்கள்."

பிழையில்லாத வாக்கியம். பிழையில்லை என்பதைத் தவிர அதில் வேறு எதுவும் இல்லை. மூன்றாவது:

"அத்தான் தன் முகத்துக்குப் பாலிஷ் போடுவதென்று முடிவெடுத்த அன்று"

இந்த இடத்தில் கட்டுரை என் கையை உதறிவிட்டு ஓடிப்போனது. நீங்கள் படித்துக்கொண்டிருப்பது அந்த ஓடிப்போனதைத்தான். [பொறுப்பாசிரியருக்கு: நீங்கள் கேட்ட கட்டுரை இந்த மாதிரி அடைப்புக்குறிகளுக்குள் இருக்கிறது. பொறுக்கி எடுத்துக்கொள்ளுங்கள்.]

2

அத்தான் என்றால் என் அக்கா வீட்டுக்காரர். தரைக்குப் பாலிஷ் போடுவது அவர் தொழில். மொசைக், மார்பிள், கிரானைட் எதுவானாலும் சரி, அவர் மெஷினை உருட்டிவிட்டுப் போன தரையில் குனிந்து பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம். இந்தக் கதை நடந்தபோது அவர் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தது என் வீட்டுத் தரைக்கு. அங்கே தண்ணீரும் கல்சேறுமாக இருந்ததால், நான் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு பக்கத்துத் தெருவில் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்குக் குடிபெயர்ந்திருந்தேன்.

கதாநாயகன் முகத்தை வர்ணித்தாக வேண்டும். "அவருடைய முகம் ஒரு" என்று எழுதிவிட்டு, ஒரு என்ன என்று தெரியாமல் காலை முழுவதும் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அக்காவிடம் கேட்டேன்.

"அக்கா, உன் வீட்டுக்காரர் முகத்தை எப்படி வர்ணிக்கலாம்?"

"எதுக்கு? காணாம போயிட்டாரா?" என்றாள் அக்கா.

ஆகவே உவமை இல்லை. நெற்றியில் ஆழமான கோடுகள், கன்னத்தில் சின்னச் சின்னப் பள்ளங்கள். காலமெல்லாம் தூசிக்காகத் துணி கட்டி வேலை பார்த்ததில் மூக்குக்குக் கீழே ஒரு நிறம், மேலே ஒரு நிறம். அந்த முகத்தைப் பற்றி அவர் ஒருநாளும் கவலைப்பட்டதில்லை. பேத்தி தவழ ஆரம்பித்த பிறகுதான் கவலை வந்தது.

பேத்திக்கு வீட்டில் பெயர் மேனேஜர். யார் வந்தாலும் மேலும் கீழும் பார்த்து, யோசித்து, ஒரு முடிவுக்கு வருவாள். பால்காரர் தேறிவிட்டார். மீட்டர் பார்க்க வந்தவர் தேறிவிட்டார். நான்கூடத் தேறிவிட்டேன். ஆனால் அத்தான் பக்கத்தில் போய், "என் கண்ணு!" என்று வாய் திறந்தால் போதும், மேனேஜர் வீல் என்று அலறி, மூச்சைப் பிடித்து, நீலம் பாரித்து, வீட்டையே இரண்டாக்கிவிடுவாள்.

சிரிக்கிற விஷயம் மாதிரி இருக்கிறதா? அவருக்கு அப்படி இல்லை. அத்தானின் முழங்கால் தேய்ந்துவிட்டது, என் வீட்டுத் தரைதான் கடைசி வேலை. அவருடைய மகள், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள், குழந்தை பிறந்ததற்காக எடுத்த விடுப்பு முடிந்து அடுத்த மாதம் வேலைக்குத் திரும்ப வேண்டும். அக்கா பஸ் டிப்போவில் டிக்கெட் கவுண்டரில் இருக்கிறாள். பகலில் குழந்தையை யார் பார்ப்பது? "நான் பாக்குறேன்!" என்று அத்தான் எல்லோருக்கும் முன்னால் அறிவித்துவிட்டிருந்தார். மெஷினை விட்டபிறகு மிச்ச நாளுக்கு அவர் போட்டுவைத்திருந்த ஒரே திட்டம் அது. குழந்தை இப்படியே அலறினால் காப்பகத்தில் விடுவதைத் தவிர வழியில்லை. மகள் ஏற்கெனவே ஒரு காப்பகத்தில் சொல்லிவைத்திருந்தாள். அதை அப்பாவிடம் அவள் சொல்லவில்லை. ஆனால் அவருக்குத் தெரியும். அவருக்கு அந்தக் குழந்தை வேண்டும். இதைவிடச் சுருக்கமாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"எல்லாம் இந்த மூஞ்சியால வந்தது!" என்று முழங்கினார் அத்தான்.

3

மத்தியானம் சாப்பிட வந்தவர் கை கழுவிக்கொண்டிருந்தார். நான் கட்டுரையை வாய்விட்டுப் படித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அந்தப் பழக்கம் உண்டு. ஓசை சரியில்லாத வாக்கியம் காதில்தான் பிடிபடும்.

"தோலின் மேல் படிந்த இறந்த செல்களை அகற்ற மிதமான ஆசிட்"

"ஆசிட்டா?" என்று குழாயடியிலிருந்து அதிர்ந்தார் அத்தான். "மூஞ்சிக்கா?"

"இது வேற ஆசிட், அத்தான். லாக்டிக், சாலிசிலிக்னு இருக்கு. துளித்துளியா போடறது."

"போட்டா?"

"மேல இருக்கிற சொரசொரப்பு போயி, புதுத் தோல் வழவழன்னு..."

சொல்லி முடிப்பதற்குள் அவர் முகம் மலர்ந்துவிட்டது. இதுவரை யாரும் அவருடைய பாஷையில் அழகுக்கலை பேசியதில்லை. அவர் தொழிலின் கடைசிக் கட்டமும் ஆசிட்தான். முதலில் கரடுமுரடான கல்லை மெஷினில் மாட்டித் தரையை அறுப்பார்கள், பிறகு அதைவிட நைசான நம்பர் கல், பிறகு அதைவிட நைஸ். அப்புறம் ஆசிட் பவுடர் தூவித் தேய்ப்பு. எல்லாவற்றுக்கும் மேலே மெழுகு.

"இத முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா!" என்று மேஜையைத் தட்டினார். "மூஞ்சிக்கு எந்த நம்பர் கல்லுன்னு தெரியாமத்தான் இத்தனை நாள் சும்மா இருந்தேன்!"

"அத்தான், இது தரை இல்ல. ஒரு நேரத்துல ஒண்ணே ஒண்ணுதான் ஆரம்பிக்கணும். தோல் அதுக்குப் பழகினப்புறம்தான் அடுத்தது."

"நடுவுல நிறுத்தினா கோடு நிக்கும்!" என்று இரைந்தார். "ஒரு கல்லோட விட்டுட்டு எந்த வீட்டுலயாவது வந்திருக்கேனா? ஆரம்பிச்சா ஒரே மூச்சுல மெழுகு வரைக்கும் போகணும்!"

 என் கட்டுரையில் இருந்ததைவிட அவர் வாதத்தில் ஒழுங்கு அதிகம் இருந்தது.

[கட்டுரை: காலையில் மிதமான ஃபேஸ்வாஷ், அதன் மேல் மாய்ஸ்சரைசர், வெயிலுக்கு சன்ஸ்கிரீன். இந்த மூன்றும் பழகும்வரை வேறு எதையும் வாங்காதீர்கள். 'ஆக்டிவ்' என்று கடையில் சொல்லும் வீரியமான பொருட்களைப் பிறகு ஒவ்வொன்றாகச் சேருங்கள். ஆசிட் போட்ட இரவில், சுருக்கத்துக்குப் போடும் ரெட்டினால் வேண்டாம்.]

4

மருந்துக்கடை. கவுண்டருக்குப் பின்னால் இளம்பெண் ஒருத்தி, சட்டைப் பையில் பேனா, நல்ல பொறுமை.

"மூஞ்சிக்கு இருக்கிற ஆசிட் எல்லாம் குடும்மா!" என்று கர்ஜித்தார் அத்தான்.

கடையில் நின்றிருந்த இரண்டு பேர் நகர்ந்துகொண்டார்கள். அந்தப் பெண் பயத்தை வெளியே காட்டாமல், "முதல்ல ஒரே ஒரு சீரம் வாங்குங்க சார். அதையும் காதுக்குப் பின்னாடி கொஞ்சம் தடவிப் பாத்துட்டு, ஒண்ணும் ஆகலன்னா முகத்துல போடுங்க" என்றாள்.

தெருவில் பஸ் ஒன்று போய்க்கொண்டிருந்தது. அத்தான் காதில் பாதிதான் விழுந்தது.

"காதுக்குப் பின்னாடியா? அங்க யாரு பாக்கப் போறா!"

(வாசகரே, இந்தப் பெண்மேல் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. நான் விசாரித்தவரை, உண்மையில் அன்று கடையில் இருந்தது போனை விட்டுத் தலை நிமிர்த்தாத ஓர் ஆள். அத்தான் கேட்டதையெல்லாம் அள்ளிப் பையில் போட்டுக் கொடுத்துவிட்டான். ஆனால் கதையில் ஒருவராவது நல்ல புத்தி சொல்ல வேண்டாமா? அதற்காக இவளைக் கவுண்டருக்குப் பின்னால் நிறுத்தினேன். பேனாகூட என்னுடையதுதான். வேலை முடிந்தது, போய் வா அம்மா.)

5

அக்கா டிப்போவிலிருந்து வருவதற்கு முன், சாயங்காலம், குளியலறை. அங்கே நான் இல்லை. ஆனாலும் எனக்கு எல்லாம் தெரியும். அது இந்தத் தொழிலில் இருக்கும் ஒரே வசதி.

குட்டிக் குட்டிப் பாட்டில்களை அத்தான் ஜன்னல் திட்டில் வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றிலும் ஏதோ சதவீதம் போட்டிருந்தது. அவருக்கு உடனே விளங்கிவிட்டது: இதுதான் கல் நம்பர். பெரிய சதவீதம் முரட்டுக் கல், சின்னது நைஸ் கல். முரட்டிலிருந்து நைசுக்கு வர வேண்டும். பெயர்களை அவர் படிக்கவே இல்லை. தரையில் எந்தக் கல்லும் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை.

முதலில் முகத்தை நன்றாக நனைத்தார். காய்ந்த தரையில் மெஷின் ஓட்டுகிறவன் மடையன். பிறகு பாத்திரம் தேய்க்கும் நாரை எடுத்தார்... இல்லை, இது அதிகம். வாசகர் நம்ப மாட்டார். முதுகு தேய்க்கும் நாரை எடுத்தார். (பாத்திரம் தேய்க்கும் நார்தான். அக்கா மறுநாள் தேடினாள்.)

ஒரு சீரம். தேய்ப்பு. இன்னொரு சீரம். தேய்ப்பு. லேசாகக் காந்த ஆரம்பித்தது. மெஷினில் மாட்டிய கல் தரையை அறுக்கத் தொடங்கும்போது 'கல் பிடிக்குது' என்பார்கள் அவர்கள். 'ஆஹா, பிடிக்குது' என்று நினைத்துக்கொண்டார். காந்தல் எரிச்சலானபோது சந்தோஷம் கூடியது. கண்ணில் தண்ணீர் வந்தது, அதையும் தண்ணீர்ச் செலவு மிச்சம் என்று எடுத்துக்கொண்டார். தன் மடியில் மேனேஜர் உட்கார்ந்திருப்பதையும், வழவழவென்றிருக்கும் தன் கன்னத்தில் அவள் கையை வைத்துப் பார்ப்பதையும் மனசுக்குள் பார்த்தபடி, கடைசிப் பாட்டில்வரை ஒன்றையும் விடாமல் போய்ச்சேர்ந்தார்.

மெழுகுக்குப் பதில் வாஸ்லின். அன்று அவர் செய்ததில் உருப்படியான காரியம் அது ஒன்றுதான்.

6

[கட்டுரை: எரிந்தால், சிவந்தால் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். மாய்ஸ்சரைசர் மட்டும் போதும். அடங்காவிட்டால் டாக்டரிடம் போங்கள். வீராப்பு வேண்டாம்.]

மறுநாள் சிவந்தது. அதற்கு மறுநாள் உரிந்தது. காலையில் குளியலறையிலிருந்து வெளியே வந்தவரைப் பார்த்து அக்கா காப்பியும் கையுமாக நின்றாள்.

"யாருங்க நீங்க?"

அத்தானால் பதில் சொல்ல முடியவில்லை. உதடு வெடித்திருந்தது, கன்னம் இழுத்துப் பிடித்தது, வாயைத் திறந்தால் உயிர் போனது. சைகையில் ஏதோ காட்டினார். டாக்டரிடம் போகலாம் என்று அக்கா சைகையில் பதில் சொன்னாள். அவள் எதற்குச் சைகையில் சொன்னாள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அந்த நேரம் பார்த்து மகள் வந்து மேனேஜரைக் கூடத்தில் இறக்கிவிட்டாள். அத்தான் தரையில் உட்கார்ந்திருந்தார். எழுந்து ஓட முழங்கால் விடவில்லை. சிவந்து, வாஸ்லினில் பளபளத்து, மூக்கு நுனியில் ஒரு தோல் சீவல் தொங்க, வாயை மூடிக்கொண்டு அவர் உட்கார்ந்திருக்க, மேனேஜர் பார்த்தாள். மேலே பார்த்தாள். கீழே பார்த்தாள். தவழ்ந்து போய் அவர் முழங்காலைப் பிடித்து எழுந்து நின்றாள்.  அவள் கையை நீட்டினாள். மூக்கில் தொங்கிய சீவலை இரண்டு விரலால் பிடித்தாள். உரித்தாள். அதைக் கையில் வைத்து ஆராய்ந்தாள்.

அத்தானின் கண் நிறைந்துவிட்டது. வலி பாதி, மீதி வேறு. அந்த முகத்தை நான் பார்த்தேன். அதை எழுதாமல் விட்டால் நான் எழுத்தாளரே இல்லை. எழுதினாலும் அது வராது.

"தொட்டுட்டா!" என்று வெடித்த உதட்டோடு அலறினார் அத்தான். "என்னைத் தொட்டுட்டாடீ!"

மேனேஜர் வீல் என்று கத்தி, பின்பக்கமாக விழுந்து, நீலம் பாரித்தாள்.

மகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினாள். அத்தான் கொஞ்சமும் தளரவில்லை.

"பாத்தீங்களா?" என்று எங்களை நோக்கி அதட்டினார். "தோல் உரிஞ்சா அவளுக்குப் புடிக்குது! இன்னும் ரெண்டு தடவை நல்லா உரிஞ்சா மடியிலயே உக்காந்துடுவா!"

நானும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அக்கா போய்ப் பாட்டில்களை எடுத்து ஒளித்துவைத்தாள்.

7

இவ்வளவு தூரம் வந்த உங்களுக்குக் காரணம் தெரிந்திருக்கும். எங்களுக்கும் தெரியும். தெருவுக்கே தெரியும். குழந்தை அலறியது அவர் முகத்தைப் பார்த்தல்ல. காலமெல்லாம் அந்த மெஷினின் இரைச்சலில் நின்று வேலை பார்த்த மனிதர் அவர். காது மந்தமாகிவிட்டது, அதற்கு ஈடாகத் தொண்டை பெருத்துவிட்டது. குட் மார்னிங்கே தீ விபத்து மாதிரிதான் சொல்வார்.

பின் ஏன் யாரும் சொல்லவில்லை? அக்காவிடம் கேட்டேன்.

"சொல்லலாம்டீ. சொன்னா மனுஷன் ரோஷத்துல வாயையே மூடிக்குவாரு. அவர் வாயை மூடிட்டா இந்த வீட்டுல எனக்கு என்ன இருக்கு?"

டிக்கெட் கவுண்டரில் நாள் முழுக்க ஊர்ச் சனங்களோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவள் அவள். ஆனாலும், தெருமுனை திரும்பும்போதே வீட்டுக்குள்ளிருந்து அவர் குரல் கேட்பது அவளுக்குப் பிடிக்கும். இதை அதுவரை அவள் என்னிடம் சொன்னதே இல்லை. அன்றுதான் சொன்னாள்.

நான் கோழை. நேரில் சொல்ல வேண்டியதைக் கதையில் எழுதுவது கோழைகளின் வழக்கம். மேஜையில் உட்கார்ந்து முடிவுகளை எழுத ஆரம்பித்தேன்.

முடிவு, ஒன்று: அத்தான் பொறுமையாக, ஒவ்வொரு சீரமாக, மென்மையாகப் பழகுகிறார். தோல் பளிங்காகிறது. குழந்தை சிரிக்கிறது. (பொறுப்பாசிரியருக்கு இது பிடிக்கும். இது பொய்.)

முடிவு, இரண்டு: குழந்தை காப்பகத்துக்குப் போகிறது. அங்கே எல்லோரும் மெதுவாகப் பேசுகிறார்கள். அத்தான் தினமும் காப்பக வாசலில் (போதும். நான் இவ்வளவு கல்நெஞ்சக்காரி இல்லை.)

முடிவு, மூன்று: உதடு வெடித்ததால் அத்தானால் சத்தமாகப் பேச முடியாமல் போகிறது, குழந்தை அழாமல் ஒட்டிக்கொள்கிறது, அப்போது அவருக்கு எல்லாம் புரிந்து

இதை முடித்து, 'மென்மை' என்ற சொல்லைப் பற்றி ஒரு முழுப் பத்தி எழுதினேன். தோலுக்கும் மனித உறவுக்கும் உள்ள ஒற்றுமையெல்லாம் அதில் வந்தது. மறுபடி படித்தபோது எனக்கே கூச்சமாக இருந்ததால் அழித்துவிட்டேன். இதற்காக நீங்கள் எனக்கு நன்றி சொல்லலாம்.

பொறுப்பாசிரியர் போன் செய்தார். சிக்னல் கிடைக்காமல் மொட்டைமாடிக்குப் போனேன். மடிக்கணினியை மூடவில்லை.

8

கீழே இறங்கி வந்தபோது அத்தான் என் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியை மூக்கில் வைக்க முடியாமல் கையில் பிடித்தபடி, திரையில் முதலிலிருந்து படித்துக்கொண்டிருந்தார். 

"மூஞ்சியப் பத்தி எழுதுனது பரவால்ல!" என்றுதான் ஆரம்பித்தார். பிறகு விரலைத் திரையில் வைத்தார். "ஆனா இது என்ன? உங்க அக்கா 'சொன்னாள்'. அந்தக் கடைக்காரப் பொண்ணு 'என்றாள்'. நான் மட்டும் முழங்குறேன், இரையுறேன், கர்ஜிக்கிறேன். நான் எந்த இடத்துலயும் ஒண்ணும் சொல்லவே மாட்டேங்குறேனே, ஏன்?"

நான் மடிக்கணினியை மூடக் கை நீட்டினேன். 

"மெஷின் ஓடாதப்பவுமா கத்துறேன்?" என்று கேட்டார். (கேட்டதும் சத்தமாகத்தான். உள்ளதை எழுத வேண்டுமே.)

"ஓடாதப்பவும்தான், அத்தான்."

"அப்ப அவ அழறது..."

அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. நானும் முடிக்கப்போவதில்லை. கண்ணாடியை மடித்து மேஜைமேல் வைத்தார்.  அக்கா பயந்தது நடந்துவிட்டது, இனி இந்த மனிதர் பேசவே மாட்டார் என்று நினைத்தேன்.  பிறகு அவர் நிமிர்ந்து உட்கார்ந்து தொண்டையைச் செருமினார்.

"இது சரியா?"

அலமாரியில் டம்ளர்கள் அதிர்ந்தன.

"குறைக்கணும், அத்தான்."

"இது?"

"இன்னும்."

"இது?"

"அது ரேடியோ சத்தம். இன்னும் கொஞ்சம்."

உதடு அசைந்தது.

"அத்தான், இப்ப எனக்கே கேக்கல."

கொஞ்சம் ஏற்றினார். ஒரு குழந்தையின் காதுக்குப் பக்கத்தில் வைக்கத்தக்க குரல் வந்தது. எனக்கு ஆச்சரியம். அத்தானிடம் இப்படி ஒரு குரல் இருந்ததை, அவரோடு இத்தனை காலம் பழகியும், நான் கேட்டதே இல்லை.

"இதுதான்! அத்தான், இதேதான்!"

அவர் குழப்பமாக என்னைப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

"இதுல எனக்குக் கேக்கலையே!" என்று பழைய குரலில் வெடித்தார். "நான் பேசுறேனா இல்லையான்னே எனக்குத் தெரியல!"

இந்தச் சிக்கலை நான் யோசித்திருக்கவில்லை. என் மூன்று முடிவுகளில் ஒன்றிலும் இது இல்லை. அவளுக்குச் சரியான குரல் அவர் காதுக்கு எட்டாது. அவர் காதுக்கு எட்டும் குரல் அவளுக்கு ஆகாது. எழுத்தாளராக எனக்கு இது அருமையான சிக்கல். கொழுந்தியாளாக அழுகை வந்தது.

அத்தான் எழுந்து கூடத்தில் நொண்டி நொண்டி நடந்தார். ஜன்னல் பக்கம் நின்றார். பிறகு வலது உள்ளங்கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, உதடு மெல்ல அசைய, ஏதோ முணுமுணுத்தார். கையை எடுத்தார். மறுபடி வைத்தார்.

"மெஷின் சரியா ஓடுதான்னு காதால பாக்குறதில்ல!" என்று என்னை அழைத்து அறிவித்தார். "கைப்பிடி அதிர்றதுல தெரியும்! இங்கயும் அதேதான்!"

அன்று சாயங்காலம் முழுக்க நெஞ்சில் கை வைத்தபடி வீட்டைச் சுற்றிக்கொண்டிருந்தார். பால் ஊற்ற வந்தவர் நெஞ்சுவலியா என்று பதறி, மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் செய்துவிட்டார்.

9

சில நாள் கழித்து மகள் குழந்தையோடு வந்தாள். அத்தான் முகத்தில் அன்று மாய்ஸ்சரைசர் தவிர ஒன்றும் இல்லை. மூக்கைச் சுற்றி இன்னும் கொஞ்சம் சிவப்பு. படுக்கையறையில் பாய் விரித்துக் காத்திருந்தார்.

மேனேஜரைப் பாயில் உட்கார வைத்துவிட்டு மகள் வெளியே வந்தாள். நான் அறை வாசலில் நின்றேன். இதைப் பார்க்காமல் எப்படிக் கதையை முடிப்பது? அத்தான் எழுந்து வந்து, ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் கதவைப் பிடித்தார்.

"நீ பாக்க வேணாம்மா. பாத்தா எழுதிடுவ" என்று சொன்னார் அத்தான்.

கதவு சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்கவில்லை.

நாங்கள் மூன்று பேரும் கூடத்தில் நின்றோம். மகள் கைப்பையின் வாரைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தாள். அலறல் வருமென்று காத்திருந்தோம். ஃபேன் ஓடியது. தெருவில் யாரோ வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். உள்ளேயிருந்து ஒன்றும் வரவில்லை.

ஒன்றும் வரவில்லை என்றால் என்ன அர்த்தம்? குழந்தை தூங்கியிருக்கலாம். இரண்டு பேரும் ஒருவரையொருவர் மேலும் கீழும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். ரோஷத்தில் அவர் வாயே திறக்காமல் சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்கலாம். மடியில் உட்கார்ந்து அவள் அடுத்த சீவலைத் தேடிக்கொண்டிருக்கலாம். காப்பகமா, வீடா என்பது அந்தக் கதவுக்குப் பின்னால் முடிவாகிக்கொண்டிருந்தது. என் கை கைப்பிடிவரை போனது. எல்லாம் தெரிந்தவள் என்று ஐந்தாம் பகுதியில் பெருமை அடித்துக்கொண்டேனே, குளியலறைக்குள் புகுந்த மாதிரி இங்கேயும் புகுந்திருக்கலாம். ஆனால் அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவர் சொல்லி நான் கேட்பது இதுதான் முதல்முறை. கையை எடுத்துவிட்டேன்.

உங்களிடம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. கதவுக்குத் தாழ்ப்பாள் போடவில்லை. உள்ளே என்ன நடக்க வேண்டும் என்று நினைக்கிறீர்களோ, போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். திறக்கும்போது கீல் கிரீச்சிடாமல் பார்த்துத் திறங்கள்.

நான் கதவில் காதை வைத்துக் கேட்டேன். ஒன்றும் இல்லை. அக்கா என் தோளைப் பிடித்து இழுத்தாள்.

"வாடீ இந்தப் பக்கம். அவர் பேசிட்டிருக்காரு."

"ஒண்ணுமே கேக்கலையே, அக்கா."

"ஆமா, கேக்கல" என்றாள் அக்கா, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே.